ஒரு கிழமை வகுப்பு, ஒரு கிழமை பட்டறை

'கோ-ஒப்' எண்டதுக்குத் தமிழ் தேடினால் 'கூட்டுறவு' எண்டுதான் வரும். கூட்டுறவுக் கல்வி! யாழ்ப்பாணப் பக்கம் வளர்ந்த ஆருக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் சங்கக்கடையும் கூப்பன் அரிசியும் மண்ணெண்ணெய்க்கு நிண்ட வரிசையும்தான் ஞாபகம் வரும். ஆனால் இஞ்ச ஒன்ராறியோவில பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒண்டு "அம்மா, எனக்கு அடுத்த செமெஸ்ரர் கோ-ஒப்" எண்டு சொன்னால் அது வேற சங்கதி. அரைநாள் பள்ளிக்கூடம். மிச்ச அரைநாள் ஒரு மருந்துக்கடையிலயோ, கார் திருத்துற கராஜிலயோ, முதியோர் இல்லத்திலயோ, சின்னப் பிள்ளையளின்ர வகுப்பிலயோ போய் வேலை பழகிறது. பள்ளிக்கூடமும் வேலைத்தலமும் சேர்ந்து நடத்திறபடியால்தான் அந்தக் 'கூட்டு'. கணக்குப் பாடத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கிடைக்கிற மாதிரியே இதுக்கும் கிரெடிற் உண்டு. சம்பளம் பெரும்பாலும் இல்லை.

இதைக் கேட்டவுடன எங்கட ஆக்கள் கனபேர் முகத்தைச் சுழிப்பினம். "படிக்கத்தானே பள்ளிக்கூடம் அனுப்பிறம், வேலைக்கே அனுப்பிறம்?" எண்டது முதல் கேள்வி. அது பரவாயில்லை, விளங்கப்படுத்தலாம். இரண்டாவது கேள்விதான் சிக்கல்: "உது மார்க்ஸ் குறைஞ்ச பிள்ளையளுக்குத்தானே?"

இந்த இரண்டாவது கேள்வியைப் 'பழைய ஆக்களின்ர கதை' எண்டு தள்ளிவிட எனக்கு மனமில்லை. இந்த ஏற்பாட்டுக்கு நூறு வருசத்துக்கு மேல சரித்திரம் இருக்கு. அந்தச் சரித்திரத்தை எடுத்துப் பார்த்தால், முழுக்க முழுக்க இந்தக் கேள்விதான் அடியில ஓடிக்கொண்டிருக்கு. ஆரை அனுப்பிறது? அனுப்பின பிள்ளை திரும்பி வர வழி இருக்கா?

வேடிக்கை என்னெண்டால், இது மார்க்ஸ் குறைஞ்ச பிள்ளையளுக்காகத் தொடங்கினதே இல்லை. பொறியியல் படிக்க வந்தவைக்காகத் தொடங்கினது.

ஹேர்மன் ஷ்னைடர் எண்டு ஒருத்தர். 1872இல பென்சில்வேனியா மாநிலத்தில ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில பிறந்தவர். லீஹை பல்கலைக்கழகத்தில ஒரு கட்டடக் கலைஞரிட்ட வேலை செய்துகொண்டே படிச்சவர். பிறகு அங்கயே படிப்பிக்க வந்தார். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது பெத்லெகம் எண்ட ஊரில, பெரிய இரும்பாலைக்குப் பக்கத்தில. ஒரு பின்னேரம் வளாகத்துக்குள்ள யோசிச்சுக்கொண்டு நடந்தாராம். பக்கத்து ஆலையின்ர உலை பெருஞ்சத்தத்தோட சீறினதாம். உடன பொறி தட்டினதாம்: உலகத்திலயே பெரிய ஆய்வுகூடம் மதிலுக்கு அங்கால இருக்கேக்க நாங்கள் ஏன் ஒரு சின்ன உலையை வகுப்பறைக்குள்ள கட்டிக்கொண்டு நிக்கிறம்? நியூட்டனுக்கு அப்பிள் மாதிரி இவருக்கு உலை. இப்படியான கதையளைக் கொஞ்சம் உப்போடதான் எடுக்கவேணும். ஆனால் யோசனை உண்மையானது. பட்டறை இயந்திரங்களைப் பல்கலைக்கழகம் வாங்கி வைக்க, அது இரண்டு மூண்டு வருசத்தில பழசாப் போயிடும். வெளியில தொழிற்சாலைக்காரன் நட்டப்படாமல் இருக்கவேணும் எண்டே புதுசு வாங்கிக்கொண்டிருப்பான். அதோட, நல்லா வாற மாணவர்கள் கனபேர் எப்படியும் எங்கயோ வேலை செய்துகொண்டுதான் படிக்கினம் எண்டதையும் அவர் கவனிச்சிருந்தார்.

லீஹையில அவற்ற யோசனை எடுபடேல்லை. 1903இல ஒகையோ மாநிலத்தில இருக்கிற சின்சினாற்றி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த ஊர் அந்தக் காலத்தில கடைசல், துளைபோடுற இயந்திரங்கள் செய்யிறதுக்குப் பேர்போன ஊர். 1906இல 27 மாணவர்களோட தொடங்கினார். நிர்வாக சபை ஒரு வருசத்துக்குப் பரீட்சார்த்தமாத்தான் அனுமதி குடுத்தது.

முறை இதுதான். மாணவர்களை இரண்டு இரண்டு பேராச் சோடி சேர்க்கிறது. ஒருத்தன் வகுப்பில இருக்கிற கிழமை மற்றவன் தொழிற்சாலையில. அடுத்த கிழமை மாறுவினம். முதலாளிக்கு அந்த இயந்திரத்தில எப்பவும் ஒரு ஆள் நிப்பான், பல்கலைக்கழகத்துக்கு அந்த வாங்கில எப்பவும் ஒரு ஆள் இருப்பான். சம்பளமும் உண்டு.

இந்த மனுசனைப் பற்றி எனக்குப் பிடிச்ச ஒரு விசயம்: ஆருக்கு எந்த வேலை பொருந்தும் எண்டு அவர் மாணவர்களை அவதானிச்சு ஒரு பட்டியல் போட்டார். ஓரிடத்தில நிலையா இருக்கக்கூடிய ஆளா, ஊர்சுற்றியா? கூரைக்குக் கீழ வேலை செய்யிற ஆளா, வெளியில திரியிற ஆளா? ஆக்களை நடத்தக்கூடியவரா, சொன்னதைச் செய்யிறவரா? இப்படிச் சோடி சோடியா. முகத்தைப் பார்த்துத் தொழில் சொல்லலாம் எண்டு அந்தக் காலத்தில சிலர் சொல்லித் திரிஞ்சவை. அதையும் சோதிச்சுப் பார்த்து, ஒண்டும் சரிவராது எண்டு ஒதுக்கிவிட்டார். சாத்திரியாரிட்டக் குறிப்பைக் குடுத்து, பிள்ளை டொக்ரரா எஞ்சினியரா எண்டு கேக்கிற எங்கட ஆக்களுக்கு இதைச் சொல்லவேணும். வேலையில விட்டுப் பார்த்தால்தான் தெரியும் எண்டது அவற்ற முடிவு.

சரி, இது பல்கலைக்கழகக் கதை. உயர்நிலைப் பள்ளிக்கு எப்படி வந்தது?

1908. மசாசூசெற்ஸ் மாநிலத்தில ஃபிற்ச்பேர்க் எண்டு ஒரு தொழிற்சாலை ஊர். அங்க வாள் (அரம் போட்டு மரம் அறுக்கிற வாள்தான், யுத்த வாள் இல்லை) செய்யிற பெரிய கொம்பனி ஒண்டின்ர தலைவர் டானியல் சைமன்ட்ஸ். ஷ்னைடர் பேசினதைக் கேட்டுப்போட்டு ஊருக்கு வந்து, இதை எங்கட உயர்நிலைப் பள்ளியில செய்தால் என்ன எண்டு கேட்டார். அவருக்கு வேண்டியிருந்தது கைதேர்ந்த இயந்திரத் தொழிலாளர்கள். பழைய காலத்துக் குரு-சிஷ்ய முறையில பழகிற பெடியள் குறைஞ்சு போச்சினம். ஊரில இருந்த வேற முதலாளிமாரும் சேர்ந்தினம்.

நாலு வருசப் படிப்பு. முதல் வருசம் முழுக்கப் பள்ளிக்கூடம். பிறகு மூண்டு வருசமும் ஒரு கிழமை வகுப்பு, ஒரு கிழமை பட்டறை. முதல்ல இரண்டு மாதம் பட்டறையில விட்டுப் பார்ப்பினம், பெடியனுக்குப் பிடிச்சால்தான் சேர்க்கிறது. கூலி, முதல் வருசம் மணித்தியாலத்துக்கு 10 சதம், அடுத்த வருசம் 11 சதம், கடைசி வருசம் பன்னிரண்டரைச் சதம். கணக்குப் பார்த்தால் முதல் வருசம் 165 டொலர் அளவில வரும். அந்தக் காலத்தில இது கனக்க வீடுகளில பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில வைச்சிருக்கிறதா நிப்பாட்டிறதா எண்டு தீர்மானிக்கிற காசு.

சனிக்கிழமைதான் இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச நாள். அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில இருந்த பெடியன் சனி காலமை 11 மணிக்குப் பட்டறைக்குப் போவான். தன்ர சோடி எந்த வேலையைப் பாதியில வைச்சிருக்கிறான், இயந்திரம் எப்படிப் பூட்டியிருக்கு எண்டு கேட்டுப் பார்த்து விளங்கிக்கொண்டு வருவான். திங்கட்கிழமை விடிய அதே வேலையைத் தொடருவான். வகுப்பிலயும் சும்மா இல்லை. பட்டறைக்கு வேண்டிய கணக்கு, பௌதிகம், இயந்திரப் படம் கீறிறது, ஆங்கிலம் எல்லாம் உண்டு.

இப்ப அதே வருசம், அதே மாநிலத்தில நடந்த இன்னொரு விசயத்தைப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. 1908 ஜனவரியில பொஸ்ரன் நகரத்தில, குடிவந்த சனம் நெருக்கியடிச்சு வாழ்ந்த நோத் எண்ட் பகுதியில, ஃபிராங் பார்சன்ஸ் எண்டவர் ஒரு 'தொழில் ஆலோசனை நிலையம்' திறந்தார். இவர் எஞ்சினியருக்குப் படிச்சு, றெயில்வேயில வேலை செய்து, அந்தக் கொம்பனி படுத்தாப்பிறகு ஆலையில கூலி வேலை செய்து, பள்ளிக்கூடத்தில படிப்பிச்சு, சட்டம் படிச்சு எண்டு எல்லாத்தையும் ஒரு கை பார்த்த மனுசன். இத்தாலியில இருந்தும் ருஷ்யாவில இருந்தும் வந்த குடும்பங்களின்ர பிள்ளையள், தேப்பன் செய்த வேலையும் இஞ்ச இல்லை, இஞ்ச இருக்கிற வேலையள் என்னெண்டும் தெரியாது எண்டு நிக்கேக்க, அவையோட இருந்து கதைக்கிறதுதான் இவற்ற வேலை. உன்னைப் பற்றி நீ அறி, வேலையளைப் பற்றி அறி, பிறகு இரண்டையும் பொருத்திப் பார் எண்டு மூண்டு படி வைச்சார். அந்த வருசம் செப்ரெம்பரிலயே செத்துப்போனார். அவற்ற புத்தகம் அடுத்த வருசம்தான் வந்தது. இண்டைக்குப் பள்ளிக்கூடங்களில இருக்கிற 'கைடன்ஸ்' ஆசிரியர்மாருக்கெல்லாம் மூலவர் இவர்தான்.

ஃபிற்ச்பேர்க்கில கேட்ட கேள்வி: தொழிற்சாலைக்கு ஆர் தேவை? நோத் எண்டில கேட்ட கேள்வி: இந்தப் பிள்ளைக்கு என்ன தேவை? இரண்டும் ஒரே வருசத்தில பிறந்து, பிறகு ஒண்டோட ஒண்டு பின்னிப்போச்சு. இண்டைக்கு ஒரு பள்ளிக்கூடக் கோ-ஒப் பிள்ளையை ஒரு கராஜுக்கு அனுப்பேக்க இதில எந்தக் கேள்விக்குப் பதிலா அனுப்பினம் எண்டு பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

(பெட்டையள் எங்க எண்டு கேப்பியள். ஃபிற்ச்பேர்க் முழுக்கப் பெடியள்தான். பொஸ்ரனில 1905இல லூசிண்டா பிரின்ஸ் எண்ட அம்மா கடையில விற்பனை செய்யிற பெண்களுக்கெண்டு ஒரு பள்ளி தொடங்கினவ. கடை வேலையும் வகுப்பும் கலந்த படிப்பு. பிறகு அது உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பரவினது. அவவைப் பற்றித் தனியாவே ஒரு பதிவு எழுதலாம்.)

சண்டை தொடங்கினது இதுக்குப் பிறகு. மசாசூசெற்ஸின்ர கல்வி ஆணையாளரா இருந்த டேவிட் ஸ்னெடன், நேரடியாத் தொழில் பழக்கிறதுதான் பெரும்பாலான பிள்ளையளுக்குச் சரி, அவைக்கு அதுக்கேற்ற தனிப் படிப்பு வேணும் எண்டார். ஜோன் டூயி அதை எதிர்த்தார். 1915இல 'நியூ ரிப்பப்ளிக்' பத்திரிகையில இரண்டு பேரும் மோதிக்கொண்டினம். டூயிக்கு வேலை செய்து பழகிறதில ஒரு மறுப்பும் இல்லை. செய்து படிக்கவேணும் எண்டு வாழ்நாள் முழுக்கச் சொன்னவரே அவர்தான். அவர் மறுத்தது, இருக்கிற தொழிற்சாலை ஒழுங்குக்குத் தோதாப் பிள்ளையை வெட்டிப் பொருத்திறதை. பிள்ளை அந்த ஒழுங்கை விளங்கிக்கொண்டு, தேவையெண்டால் மாத்தக்கூடிய ஆளா வரவேணும் எண்டது அவற்ற கட்சி.

அதே காலத்தில சிக்காகோவில வர்த்தகர்களின்ர கழகம் ஒண்டு எட்வின் கூலி எண்ட முன்னாள் கல்வி அதிகாரியை வைச்சு ஒரு சட்டமூலம் தயாரிச்சது. தொழிற்பள்ளியளுக்கெண்டு தனி நிர்வாக சபை, தனிக் காசு. பதினாலு வயசில ஒரு கூட்டம் இந்தக் கதவால, மற்றக் கூட்டம் அந்தக் கதவால. தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் டூயியும் எதிர்த்தினம். சட்டமூலம் படுத்திட்டுது. தொழிலாளிமார் தங்கட பிள்ளையளுக்குத் தொழிற்கல்வி வேண்டாம் எண்டு சொல்லேல்லை எண்டதைக் கவனியுங்கோ. தனிக் கதவுதான் வேண்டாம் எண்டினம். ஆனாலும் 1917இல வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கெண்டு தேசிய அளவில காசையும் தனிச் சபையையும் குடுத்து, பாதிக் கதவைப் பிரிச்சுத்தான் விட்டது. கறுப்பினப் பிள்ளையளுக்கு இந்தக் கதை இன்னும் பழசு. கைத்தொழில் கல்வியே போதும் எண்ட வாதத்துக்கு எதிரா டு பொய்ஸ் 1903இலயே எழுதிவிட்டார்.

இனி கனடா. இஞ்சதான் கதை எங்கட வீட்டு வாசலுக்கு வருகுது.

'வாட்டர்லூ' எண்ட பேரைச் சொல்லிப் பாருங்கோ, ஸ்காபரோவில எந்தத் தமிழ் வீட்டிலயும் எழும்பி நிண்டு மரியாதை குடுப்பினம். "மூத்தவன் வாட்டர்லூவில கொம்பியூட்டர் சயன்ஸ், கோ-ஒப்போட" எண்டு சொல்லேக்க அந்தக் 'கோ-ஒப்போட' எண்ட சொல்லில ஒரு அழுத்தம் இருக்கும். கோயிலில, கலியாண வீட்டில எல்லாம் கேட்டிருப்பியள். அதே அம்மா இளையவன் பதினோராம் வகுப்பில கோ-ஒப் எடுக்கப்போறன் எண்டால் கையெழுத்துப் போடமாட்டா. ஒரே சொல், ஒரே முறை, ஒரே தாத்தா (ஷ்னைடர்தான்). ஒண்டு பெருமை, மற்றது வெக்கம்.

வாட்டர்லூவும் தொடக்கத்தில பெருமைக்குரியதா இருக்கேல்லை. அந்தச் சின்னக் கல்லூரிக்குத் தலைவரா இருந்த ஜெரல்ட் ஹேகி அதுக்கு முதல் ஒரு ரயர் கொம்பனியில விளம்பரப் பகுதியில வேலை செய்தவர். அந்தக் கொம்பனியின்ர தலைவர் ஐரா நீடில்ஸ் 1956இல ஒரு பேச்சுப் பேசினார்: நாட்டுக்கு 150,000 எஞ்சினியர்மாரும் தொழில்நுட்ப ஆக்களும் தேவை, பழைய முறையில படிப்பிச்சால் காணாது. 1957 ஜூலையில 74 மாணவர்களோட தொடங்கினார்கள். தற்காலிகக் கட்டடங்கள்தான். மூண்டு மாதம் படிப்பு, மூண்டு மாதம் வேலை எண்டு மாறி மாறி. மற்ற இடங்களில இருந்த பொறியியல் ஆக்கள் இதைச் சந்தேகத்தோடதான் பார்த்தினம். பல்கலைக்கழகம் எண்டால் பல்கலைக்கழகம் மாதிரி இருக்கவேணும், இதென்ன பட்டறை வேலை எண்ட மாதிரி. இளையவன்ர அம்மா இப்ப சொல்லுறதைத்தான் அவையும் அப்ப சொன்னவை.

அப்ப ஏன் ஒண்டு மேல போனது, மற்றது கீழ நிண்டது?

ஒன்ராறியோவின்ர பள்ளிக்கூடங்களில இருந்த படிநிலைதான் காரணம் எண்டு நான் நினைக்கிறன். 1962இல வந்த ரொபார்ட்ஸ் திட்டம் பிள்ளையளைக் கலை-விஞ்ஞானம், வர்த்தகம், தொழில்நுட்பம் எண்டு மூண்டு கிளையாப் பிரிச்சது. அதுக்குள்ள ஐந்து வருசப் படிப்பு, நாலு வருசப் படிப்பு. ஐந்து வருசம் படிச்சவைக்குத்தான் பல்கலைக்கழகம். 1984இல முறை மாறி 'அட்வான்ஸ்ட்', 'ஜெனரல்', 'பேசிக்' எண்டு மூண்டு தரம் வந்தது. 1970களில இருந்து மெல்ல மெல்லப் பள்ளிகளில பரவிக்கொண்டிருந்த கோ-ஒப் இந்தக் கட்டத்துக்குள்ள வந்து விழுந்தது. விதியில அது எல்லாருக்கும் பொது. நடைமுறையில 'ஜெனரல்', 'பேசிக்' பிள்ளையள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிடாமல் பிடிச்சு வைச்சிருக்கிற கயிறு மாதிரித்தான் கனக்க இடத்தில பாவிச்சவை. 1987இல ஜோர்ஜ் ரட்வான்ஸ்கி அரசாங்கத்துக்குக் குடுத்த அறிக்கை, பிள்ளையள் இடையில விட்டுப் போறதுக்கு இந்தத் தரம்பிரிப்பே ஒரு காரணம், அதை எடுத்துவிடுங்கோ எண்டது. 1993இல ஒன்பதாம் வகுப்பில எடுத்தினம். 1999இல 'அக்கடெமிக்', 'அப்ளைட்' எண்டு வேற பேரில திரும்பக் கொண்டுவந்தினம்.

பேர் மாறினாலும் ஆர் எந்தப் பக்கம் போனது எண்டதில மாற்றம் குறைவு. 2017இல யோர்க் பல்கலைக்கழகத்தின்ர கார்ல் ஜேம்ஸ் வெளியிட்ட அறிக்கையில ரொறன்ரோ கல்விச் சபையின்ர கணக்கு இருக்கு. அக்கடெமிக் பக்கம் போன பிள்ளையள் வெள்ளையர்களில 81 வீதம், கறுப்பினப் பிள்ளையளில 53 வீதம். இதைப் பார்த்தாப்பிறகு, "உது ஆருக்கு?" எண்டு கேக்கிற அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவவின்ர கேள்வி சிக்காகோத் தொழிற்சங்கக்காரர் கேட்ட கேள்விதான்.

எங்கட ஆக்களின்ர பயத்துக்கு இன்னொரு வேரும் இருக்கு. அது இலங்கையில.

1971 கிளர்ச்சிக்குப் பிறகு, படிச்சும் வேலையில்லாமல் நிக்கிற இளைஞர்களை என்ன செய்யிறது எண்ட கேள்வி இலங்கை அரசாங்கத்துக்குப் பெருசா வந்தது. 1972 கல்விச் சீர்திருத்தத்தில பழைய ஓ.எல். போய் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் வந்தது. அதோட ஆறாம் வகுப்பில இருந்து ஒன்பதாம் வகுப்பு வரை 'தொழில்முன்னிலைப் பாடம்'. உங்கட ஊரில என்ன தொழில் இருக்கோ, மீன்பிடியோ மரவேலையோ மட்பாண்டமோ, அதைப் பாடமாப் படிக்கிறது. தாளில பார்த்தால் டூயி கேட்டாலும் தலையாட்டுவார். ஆனால் அதே வருசங்களிலதான் பல்கலைக்கழக அனுமதியில தரப்படுத்தலும் வந்தது. ஒரு கை "தொழில் பழகு" எண்டு சொல்லுது, மற்றக் கை பல்கலைக்கழகக் கதவைச் சாத்துது. யாழ்ப்பாணத்துத் தேப்பன்மார் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் வாசிச்சினம். வேற எப்படி வாசிக்கிறது? 1977இல ஆட்சி மாற, அந்தச் சான்றிதழும் பாடமும் போட்டுது. அந்த வகுப்புகளில இருந்த பெடியள்தான் பிறகு 83 கலவரத்துக்குப் பின்னால கனடா வந்த தலைமுறை. 2000களில இஞ்ச உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையளுக்கு அம்மா அப்பாவா இருந்தவை அவைதான். 'தொழில்' எண்ட சொல்லும் 'பள்ளிக்கூடம்' எண்ட சொல்லும் ஒண்டா வந்தால் அவைக்கு வயித்தைக் கலக்கிறது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இதை வாசிக்கேக்க 1953 ராஜாஜி திட்டம் ஞாபகம் வந்திருக்கும். அரைநாள் பள்ளி, மிச்ச நேரம் தேப்பன்ர தொழில். 'குலக்கல்வி' எண்ட பேரோட எதிர்த்து, அடுத்த வருசமே காமராஜர் வந்து கைவிட்டார். மேலோட்டமாப் பார்த்தால் ஃபிற்ச்பேர்க்கும் அதுவும் ஒண்டு மாதிரித் தெரியும். அடிப்படையில ஒரு வித்தியாசம் இருக்கு: அங்க பிள்ளைக்குத் தொழிலைத் தெரிஞ்சது பிறப்பு. கோ-ஒப்பின்ர உயிரே பிறப்பில கிடைக்காத ஒரு வேலையைப் போய்ப் பார்க்கிறதுதான். அது இல்லாமல் தேப்பன்ர கடையிலயே பிள்ளையைக் கோ-ஒப்புக்கு விட்டால் (அப்படிக் கேக்கிற ஆக்களும் இருக்கினம்!) என்ன பிரயோசனம்?

இப்ப ஒன்ராறியோவில நடைமுறை எப்படி எண்டு சுருக்கமாச் சொல்லிவிடுறன், கனபேர் 40 மணித்தியாலச் சமூக சேவையோட இதைக் குழப்பிக்கொள்ளுகினம். அது 1999இல வந்த வேற கட்டாயம். கோ-ஒப்புக்கு ஒரு கிரெடிற்றுக்கு 110 மணித்தியாலம். சாதாரணமா அரைநாள் அரைநாளாப் போய் இரண்டு கிரெடிற் எடுப்பினம். போக முதல் வேலைத்தலப் பாதுகாப்பு, தொழிலாளர் உரிமை எல்லாம் வகுப்பில படிப்பிக்கவேணும். ஆசிரியர் இடையில வந்து பார்ப்பார். சம்பளம் இல்லாவிட்டாலும் வேலையில காயப்பட்டால் காப்புறுதி உண்டு. டிப்ளோமாவுக்கு வேண்டிய கட்டாயக் கிரெடிற்றிலயும் இதைச் சேர்க்க இடமிருக்கு. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற ஆறு பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களில கோ-ஒப் சேராது. அதால அந்த ஆறுக்கும் நேரசூசியில இடம் விட்டுப்போட்டுத்தான் இதை எடுக்கவேணும். 'திரும்பி வாற வழி' எண்டு நான் சொன்னது நடைமுறையில இந்தக் கணக்குத்தான்.

"இதில போனால் பிறகு படிக்கமாட்டான்" எண்ட பயத்துக்கு ஓரளவு நல்ல சான்று அமெரிக்காவில இருக்கு. 'கரியர் அக்கடமி' எண்டு அங்க ஒரு முறை, 1969இல ஃபிலடெல்ஃபியாவில தொடங்கினது. பள்ளிக்கூடத்துக்குள்ளயே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் மாதிரி, ஒரு தொழில்துறையை மையமா வைச்சுப் படிச்சு, வேலைத்தலத்துக்கும் போறது. கோ-ஒப்பே இல்லை, ஒண்டுவிட்ட சகோதரம். 1993இல தொடங்கி ஒன்பது பள்ளிக்கூடங்களில, விண்ணப்பிச்ச பிள்ளையளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு, பள்ளி முடிஞ்சு எட்டு வருசம் பின்தொடர்ந்து பார்த்தினம். 2008இல முடிவு வந்தது. சேர்ந்தவையின்ர உழைப்பு மற்றவையை விடச் சராசரி 11 வீதம் கூட. மேற்படிப்புப் படிச்சவையின்ர தொகை? கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தக் 'குறையவும் இல்லை' எண்டதைத்தான் நான் இரண்டு தரம் வாசிச்சனான்.

காசை விடுங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை மிருக வைத்தியராத்தான் வருவன் எண்டு ஏழு வயசில இருந்து சொல்லிக்கொண்டு திரிஞ்சவள். கோ-ஒப்பில ஒரு கிளினிக்குக்குப் போனாள். நாய் பூனையில அன்பு இருக்கிறது வேற, வருத்தம் தீராது எண்டு தெரிஞ்ச நாயை ஊசி போட்டு முடிக்கேக்க பக்கத்தில நிக்கிறது வேற எண்டு ஆறாம் கிழமையில விளங்கியிருக்கு. வந்து வேற பாடம் எடுத்தாள். தேப்பனுக்கு அரைச் செமெஸ்ரர் வீணாப்போச்சு எண்டு கவலை. எட்டு வருசம் படிச்சாப்பிறகு அது தெரியவந்திருந்தால் எவ்வளவு வீண் எண்டு கேட்டன். பதில் இல்லை, தேத்தண்ணியைக் குடிச்சார். ஷ்னைடர் இருந்திருந்தால் தன்ர பட்டியலில எங்கயோ ஒரு கோடு போட்டிருப்பார்.

2021இல ஒன்பதாம் வகுப்புக் கணக்கிலயும் 2022இல மற்றப் பாடங்களிலயும் ஒன்ராறியோ தரம்பிரிப்பைத் திரும்பவும் எடுத்துவிட்டது. கதவு ஒண்டாகினால் கோ-ஒப்பின்ர பேரில ஒட்டியிருக்கிற கறையும் போகுமா எண்டு பார்க்கவேணும். எனக்கு இப்ப இருக்கிற கவலை வேற. ஆஸ்பத்திரி, சட்டத்தரணி அலுவலகம், எஞ்சினியரிங் கொம்பனி மாதிரி இடங்கள் கொஞ்சம்தான். அப்பாவுக்கு ஆரையும் தெரிஞ்ச பிள்ளை தானே ஒரு இடம் பிடிச்சுக்கொண்டு வரும். தெரியாத பிள்ளைக்கு மிச்சம் இருக்கிறதுதான், அது கடையில தட்டு அடுக்கிறதாயும் இருக்கலாம். 1908இல நோத் எண்டில பார்சன்ஸுக்கு முன்னால வந்து இருந்த பிள்ளையளின்ர நிலைமையும் இதுதான். எங்கட ஆக்கள் இப்ப டொக்ரராயும் கணக்காளராயும் சொந்தக் கொம்பனி நடத்திறவையாயும் இஞ்ச கனபேர் இருக்கினம். தங்கட இடத்தில ஒரு கோ-ஒப் பிள்ளைக்கு, சொந்தக்காரப் பிள்ளையா இல்லாத ஒரு பிள்ளைக்கு, ஒரு கதிரை போடலாம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புத்தான் வேலை, கோ-ஒப் ஆசிரியர்மார் ஓடி வருவினம். பாடத்தெரிவு மாசி மாத அளவில நடக்கும், அதுக்கு முதல் எடுத்தால் நல்லம்.